ஏர் பூட்டாமல் உழுதவர்: நீராவிக் கலப்பைக்கு வழி கண்ட ஜான் பௌலர்

நம் கிராமங்களில் உழவுக்கு டிராக்டர் வேண்டும் என்றால் என்ன செய்கிறோம்? சொந்தமாக டிராக்டர் வைத்திருப்பவர்கள் சிலரே. மற்றவர்கள் வாடகைக்குப் பேசுகிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று ரேட்டு. வண்டி வருகிறது; உழுகிறது; பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போகிறது. அறுவடை யந்திரமும் அப்படித்தான்.

இந்த வாடகை முறை டிராக்டரோடு பிறந்தது அல்ல. டிராக்டர் தோன்றுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே, நீராவி எஞ்சின்கள் இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய்க் கூலிக்கு உழுதன. அந்த எஞ்சின்களுக்கு வழி கண்டவர் ஜான் பௌலர். அவர் உயிரோடு இருந்தது 38 ஆண்டுகளே. அதற்குள் உழவுத் தொழிலின் கணக்கையே மாற்றிவிட்டுப் போனார்.

யந்திரம் உடைத்த ஜில்லா

இங்கிலாந்தின் தென்மேற்கே வில்ட்ஷயர் என்று ஒரு ஜில்லா. அங்கே மெல்க்ஷம் என்ற சிற்றூரில் 1826-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி ஜான் பௌலர் பிறந்தார். தந்தை வசதியான வியாபாரி. குடும்பம் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. குவேக்கர்கள் ஆடம்பரத்தை விரும்பாதவர்கள், சண்டைக்குப் போகாதவர்கள், கொடுக்கல் வாங்கலில் நாணயமானவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள்.

பௌலர் நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோது, 1830-ம் ஆண்டின் கடைசியில், அந்த ஜில்லாவில் பெரிய கலவரம் மூண்டது. குளிர்காலம் முழுவதும் கதிரைக் கையால் அடித்துத் தானியம் பிரித்துக் கூலி வாங்குவது அந்நாட்டு ஏழைத் தொழிலாளர்களின் வழக்கம். கதிரடிக்கும் யந்திரம் வந்து அந்தக் கூலிக்கு உலை வைத்தது. தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் யந்திரங்களை உடைத்தார்கள். பலர் பிடிபட்டார்கள். பலர் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டார்கள்.

யந்திரம் ஒருவருக்கு லாபம் தரும். இன்னொருவருக்குப் பட்டினி தரும். அது யார் கையில் இருக்கிறது, யாருக்காக ஓடுகிறது என்பதைப் பொறுத்ததே எல்லாம். பௌலர் பிறந்த மண்ணில் இந்தப் பிரச்சினை அவர் வளரும் முன்பே எழுந்துவிட்டது.

பஞ்சம் தந்த யோசனை

படிப்பை முடித்த பௌலர் முதலில் ஒரு தானிய வியாபாரியிடம் வேலை பார்த்தார். ஆனால் அவர் மனம் தராசில் இல்லை, யந்திரங்களில் இருந்தது. 21-வது வயதில், 1847-ம் ஆண்டு, வடக்கே மிடில்ஸ்பரோ நகரில் இருந்த யந்திரத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். அங்கே ரெயில் எஞ்சின்கள் செய்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் பாரத்தை மேலே இழுக்கும் யந்திரங்களும் செய்தார்கள். இரும்புக் கயிற்றால் தூரத்தில் இருக்கும் பாரத்தை இழுக்கும் வித்தையைப் பௌலர் அங்கே கண்டார். பின்னாளில் அதுவே அவருக்குக் கை கொடுத்தது.

1849-ம் ஆண்டு தொழில் விஷயமாக அயர்லாந்துக்குப் போனார். அங்கே அவர் கண்ட காட்சி நெஞ்சைப் பிளப்பதாக இருந்தது. 1845-ம் ஆண்டு முதல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, நாடே பஞ்சத்தில் சிக்கியிருந்தது. ஏழைகளுக்கு உருளைக்கிழங்கே சோறு. அது அழுகிப்போனதும் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். மேலும் பல லட்சம் பேர் பிழைப்புத் தேடி அமெரிக்கா போன்ற நாடுகளுக்குக் கப்பலேறினார்கள்.

சாப்பாடு இல்லாத அந்த நாட்டில் சாகுபடி ஆகாத நிலம் ஏராளமாகக் கிடந்தது. காரணம், தண்ணீர். நம் ஊரில் தண்ணீர் இல்லாமல் நிலம் தரிசாகும். அங்கே தண்ணீர் தேங்கி நிலம் வீணாகும். வடிகால் அமைத்தால் விளையும். ஆனால் ஆட்களை விட்டு வாய்க்கால் தோண்டக் கூலி அதிகம். செலவைக் குறைத்தால் நிலம் பிழைக்கும், மனிதனும் பிழைப்பான் என்று பௌலர் எண்ணினார். அன்று முதல் அவர் வாழ்க்கை ஒரே வழியில் சென்றது.

மண்ணுக்குள் ஒரு வளை

1850-ம் ஆண்டில் அவர் புது மாதிரிக் கலப்பை ஒன்றைக் காட்டினார். அதில் நீளமான கத்தி போன்ற இரும்பு இருக்கும். அதன் அடியில் குண்டு முனை. கலப்பையை இழுத்தால் கத்தி மண்ணைக் கீறிக்கொண்டு போகும். குண்டு முனை தரைக்கு அடியில் எலி வளைபோல் ஒரு துளையைக் குடைந்துகொண்டே போகும். மரக் குழாய்களைக் கயிற்றில் மணிபோல் கோத்து அதன் பின்னால் கட்டிவிட்டால், அவை தாமாகவே துளைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே பள்ளம் தோண்ட வேண்டியதில்லை. தேங்கிய நீர் அந்தக் குழாய் வழியே வடிந்துவிடும்.

முதலில் இதைக் குதிரைகளைக் கொண்டு இழுத்தார்கள். குதிரைகள் செக்குபோல் ஓர் உருளையைச் சுற்றும். உருளையில் கயிறு சுற்றிக்கொள்ளும். கயிற்றின் மறுமுனையில் கலப்பை வரும். 1851-ம் ஆண்டு லண்டனில் நடந்த பெரிய பொருட்காட்சியில் இந்தக் கலப்பைக்குப் பதக்கம் கிடைத்தது. பிறகு குதிரைக்குப் பதில் நீராவி எஞ்சினை வைத்தார் பௌலர். எஸ்ஸெக்ஸ் ஜில்லாவில் ஹைனால்ட் என்ற காட்டு நிலத்தில் அவர் யந்திரம் வடிகால் போட்டது.

500 பவுன் பரிசு

வடிகால் கலப்பையை எஞ்சின் இழுக்கிறதே, சாதாரணக் கலப்பையை ஏன் இழுக்கக் கூடாது? அடுத்து இதுதான் அவருடைய யோசனை.

அப்போது இங்கிலாந்தில் குதிரை பூட்டித்தான் உழுதார்கள். ஒரு ஜோடிக் குதிரை ஒரு நாளைக்குச் சுமார் ஒரு ஏக்கர் உழும். அந்த ஒரு ஏக்கரை உழுது முடிக்க உழுபவர் ஏறக்குறைய 11 மைல் நடக்க வேண்டும். குதிரைக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தீனி போட வேண்டும். பண்ணையில் விளையும் தானியத்தில் ஒரு பங்கு குதிரை வயிற்றுக்கே போய்விடும்.

எஞ்சினை நேராக வயலில் ஓட்டி உழலாமே என்று தோன்றும். முடியாது. அது பத்து டன்னுக்கும் மேலான பாரம். ஈர மண்ணில் இறங்கினால் புதைந்துவிடும். புதையாவிட்டாலும் மண்ணை மிதித்து இறுக்கிவிடும். பௌலர் எஞ்சினை வயலின் ஓரத்தில் நிறுத்தினார். வயலுக்குக் குறுக்கே இரும்புக் கயிற்றை ஓட்டி, கலப்பையை மட்டும் இழுத்தார்.

அந்தக் கலப்பையும் விசித்திரமானது. நம் கிணற்று ஏற்றத்தில் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயரும் அல்லவா? அது போல, நடுவில் சக்கரம். இரு பக்கமும் கொழுக்கள். ஒரு பக்கம் மண்ணில் இறங்கி உழும்போது மறுபக்கம் வானத்தைப் பார்த்து நிற்கும். கரைக்கு வந்ததும் கலப்பையைத் திருப்ப வேண்டியதில்லை. உயர்ந்த பக்கத்தைத் தாழ்த்தினால் போதும். வந்த வழியே உழுதுகொண்டு திரும்பும்.

குதிரை உழவைவிடச் செலவு குறைந்த நீராவி உழவைக் காட்டுபவருக்கு 500 பவுன் பரிசு என்று இங்கிலாந்தின் ராஜாங்க விவசாய சங்கம் அறிவித்திருந்தது. பௌலர் முயன்றார், பரிசு கிட்டவில்லை. மறுபடியும் முயன்றார். 1858-ம் ஆண்டு செஸ்டர் நகரில் நடந்த போட்டியில் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி எலிசபெத் லூசி. அவர் ஜோசப் பீஸ் என்ற பார்லிமெண்டு அங்கத்தினரின் மகள். 1825-ம் ஆண்டில் ஓடத் தொடங்கிய ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரெயில் பாதைக்கு முன்னின்று உழைத்தது அந்தப் பீஸ் குடும்பம்தான். நீராவியை நம்பிய குடும்பத்துக்கு நீராவியை நம்பிய மருமகன் வாய்த்தார்.

யாரால் வாங்க முடியும்?

லீட்ஸ் நகரில் ஹன்ஸ்லெட் என்ற பகுதியில் பௌலர் சொந்தத் தொழிற்சாலை கட்டினார். 1860-களில் அவருடைய முறை மேலும் திருந்தியது. வயலின் இரண்டு கரைகளிலும் ஒவ்வொரு எஞ்சின். ஒன்று இழுக்கும்போது மற்றது கயிற்றைத் தளர்த்தும். பிறகு மற்றது இழுக்கும். எஞ்சின்கள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகரும். நல்ல நிலமாக இருந்தால் ஒரே நாளில் பத்து ஏக்கருக்கு மேல் உழுது தள்ளலாம்.

ஆனால் விலை? இரண்டு எஞ்சின், கயிறு, கலப்பை எல்லாம் சேர்ந்து ஆயிரம் பவுனுக்கு மேல் ஆயிற்று. அக்காலத்தில் பண்ணைத் தொழிலாளிக்கு வாரக் கூலி சுமார் 10 ஷில்லிங். அதாவது அரைப் பவுன். அவர் சாப்பிடாமல் சேர்த்தாலும் ஆயிரம் பவுனுக்குச் சுமார் 38 வருஷம் ஆகும். சிறு குடியானவரும் அதை நினைத்துப் பார்க்க முடியாது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆயிரம் பவுன் யந்திரம் பத்து வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 100 பவுன் ஆகிறது. ஐம்பது ஏக்கர்காரர் அதை வாங்கித் தன் நிலத்தை மட்டும் ஒரு முறை உழுதால், கரியும் கூலியும் நீங்கலாக, ஏக்கருக்கு 2 பவுன் விழும். அதே யந்திரம் ஊர் ஊராகப் போய் வருஷத்துக்கு ஆயிரம் ஏக்கர் உழுதால் ஏக்கருக்கு 2 ஷில்லிங்தான். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஆகவே இருபதில் ஒரு பங்கு!

யந்திரம் சும்மா நின்றால் எஜமானைத் தின்னும். ஓடிக்கொண்டே இருந்தால்தான் சோறு போடும். ஆகையால் அதை வாங்கிக் கூலிக்கு உழும் காண்டிராக்டர்கள் தோன்றினார்கள். சில இடங்களில் பலர் பங்கு போட்டு உழவுக் கம்பெனிகள் ஆரம்பித்தார்கள். எஞ்சின்கள் தாமே சாலையில் நடந்து போகும். பின்னால் கலப்பை, தண்ணீர் வண்டி, ஆட்கள் படுத்துத் தூங்க ஒரு வீட்டு வண்டி. ஒரு கோஷ்டியில் பெரும்பாலும் ஐந்து பேர்: மேஸ்திரி, எஞ்சின் ஓட்டிகள் இருவர், கலப்பை மேல் உட்காருபவர், சமையல் செய்யும் பையன். எதிர்க் கரையில் இருப்பவருக்கு விசில் ஊதிச் சைகை காட்டுவார்கள். விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை. கூலிக்கு மேல், உழுத ஏக்கருக்கு இவ்வளவு என்று உபரிப் பணமும் உண்டு.

குதிரை மேலிருந்து வீழ்ச்சி

பௌலர் ஓய்வறியாதவர். 1850-ம் ஆண்டுக்கும் 1864-ம் ஆண்டுக்கும் இடையில், தனியாகவும் கூட்டாகவும் அவர் பதிவு செய்த உரிமைகள் 32. உழைப்பு உடலை வாட்டியது. ஓய்வு வேண்டும், திறந்த வெளியில் உலாவ வேண்டும் என்று ஆலோசனை கூறினார்கள். யார்க்ஷயரில் ஆக்வொர்த் என்ற ஊரில் தங்கிக் குதிரை ஏறி வேட்டைக்குப் போகத் தொடங்கினார்.

ஒரு நாள் குதிரையிலிருந்து விழுந்தார். கை எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டது. புண்ணில் ரண ஜன்னி கண்டது. இன்று அதைத் தடுக்க ஊசி இருக்கிறது, அன்று இல்லை. 1864-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி ஜான் பௌலர் காலமானார். உழவுக் குதிரையின் தோளிலிருந்து பாரத்தை இறக்கிய மனிதருக்கு ஒரு குதிரையே எமனாக வந்தது விதியின் விளையாட்டு.

குடும்பத்தாரும் டேவிட் கிரெய்க் என்ற அருமைத் துணைவரும் தொழிற்சாலையைத் தொடர்ந்து நடத்தினார்கள். பௌலர் பெயர் பொறித்த எஞ்சின்கள் எகிப்து, ஜெர்மனி முதலிய நாடுகளுக்கும் போயின.

சிவப்புக் கொடி

பௌலர் மறைந்து ஒரு வருஷம் ஆகுமுன் புதிய சங்கடம் வந்தது. வயலில் அல்ல, சாலையில்.

1861-ம் ஆண்டுச் சட்டப்படி, எஞ்சின்கள் கிராமச் சாலையில் மணிக்கு 10 மைலும் ஊருக்குள் 5 மைலும் போகலாம். 1865-ம் ஆண்டு பார்லிமெண்டு வேறு சட்டம் கொண்டுவந்தது. கிராமச் சாலையில் 4 மைல், ஊருக்குள் 2 மைல் என்று வேகம் குறைந்தது. ஓர் எஞ்சினுக்கு மூன்று ஆட்கள் கட்டாயம். அவர்களில் ஒருவர் கையில் சிவப்புக் கொடியுடன் 60 கெஜத்துக்குக் குறையாத தூரம் முன்னால் நடந்து போக வேண்டும்.

இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சர்க்கார் பக்கமும் நியாயம் இருந்தது. புகை கக்கி வரும் எஞ்சினைக் கண்டு சாலையில் போகும் குதிரைகள் மிரண்டன. வண்டிகள் கவிழ்ந்தன. பழைய பாலங்கள் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. சாலைகள் பழுதாயின. செப்பனிடும் செலவு ஊரார் தலையில் விழுந்தது.

சரி, சட்டத்தின் செலவு யார் தலையில் விழுந்தது? கொடி பிடிப்பவருக்கும் கூலி உண்டு. மெல்லப் போனால் வழியில் பொழுது போய்விடும். நாற்பது ஏக்கர் உழுவதற்கு ஐந்து மைல் போனால் அந்தச் செலவு பெரிதாகத் தெரியாது. இரண்டு ஏக்கர் உழுவதற்கு அதே ஐந்து மைல் போனால்? எஞ்சினை நிறுத்திக் கயிறு கட்டும் நேரமோ இரண்டுக்கும் ஒன்றுதான். சிறிய வயலில் கயிறு ஓடத் தொடங்குமுன் கரை வந்துவிடும். ஆகவே காண்டிராக்டர் பெரிய பண்ணைக்கு முதலில் போவார். சிறியவர் காத்திருக்க வேண்டும். உழவுக்கு மழையும் ஈரமும் காத்திருக்குமா? பருவம் தவறினால் மலிவு வாடகையும் நஷ்டமே.

1878-ம் ஆண்டு சட்டம் கொஞ்சம் தளர்ந்தது. சிவப்புக் கொடி போயிற்று. ஆனால் முன்னால் 20 கெஜத்தில் நடக்கும் ஆள் போகவில்லை. 1896-ம் ஆண்டு லேசான மோட்டார் வண்டிகளுக்கு விடுதலை கிடைத்தது. கனமான எஞ்சின்களுக்குக் கட்டுப்பாடு நீடித்தது.

நல்ல சட்டமும் உண்டு

சட்டம் என்றாலே தொல்லை என்று நினைக்கக் கூடாது. வாடகைக்கு வந்த கதிரடி யந்திரங்களில் வேகமாகச் சுழலும் உருளை இருக்கும். மேலே நின்று கதிரைப் போடுபவர்கள் கால் தவறி விழுந்து கைகால் இழந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. அதே 1878-ம் ஆண்டு, யந்திரத்தின் வாய்க்கும் உருளைக்கும் காப்பு மூடி போட வேண்டும் என்று தனிச் சட்டம் வந்தது. அதற்குச் செலவு கொஞ்சம். காத்ததோ மனித உயிர்.

கதிரடிப்பில் சிறு குடியானவர்களுக்கு வாடகை யந்திரம் நன்றாகப் பயன்பட்டது. அதற்குப் பெரிய வயல் வேண்டாம். களத்தில் நின்றால் போதும். ஓரிரு நாளில் வேலை முடிந்து அடுத்த களத்துக்குப் போய்விடும். நீராவி உழவோ பெரும்பாலும் பெரிய வயல்களிலும் கடினமான களிமண் நிலங்களிலும்தான் செழித்தது. 1870-களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்து குவிந்தது. 1879-ல் ஓயாத மழை. விளைச்சலும் இல்லை, விலையும் இல்லை. குடியானவர் கையில் காசு இல்லாதபோது காண்டிராக்டரின் எஞ்சின் கொட்டகையில் நின்றது. பல கம்பெனிகள் மூழ்கின. 1914-ம் ஆண்டு முதல் உலக யுத்தம் வந்து, உணவுக்காகப் புல்வெளிகளையும் உழ வேண்டிய நிலை ஏற்பட்டபோது அந்த எஞ்சின்களுக்கு மறுபடியும் மவுசு வந்தது. அதன் பிறகு டிராக்டர் வந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பௌலர் கதை சொல்லும் பாடம்

பௌலர் யந்திரத்தைக் கண்டார். அதைச் சிறியவரின் வயலுக்குக் கொண்டுபோகும் வேலை அவரோடு முடியவில்லை. அதற்கு மூன்று பேர் ஒத்துழைக்க வேண்டும். காண்டிராக்டர் நியாயமான வாடகை கேட்க வேண்டும். அவர் யந்திரமும் சும்மா நிற்காமல் ஓட வேண்டும். சர்க்கார் உயிருக்கும் சாலைக்கும் காவல் போட வேண்டும். ஆனால் அந்தக் காவலின் செலவு இரண்டு ஏக்கர்காரரை நசுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குடியானவர்களும் தனித்தனியே ஆள் அனுப்பிக் காத்திருப்பதைவிட, அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே நாளில் யந்திரத்தை அழைத்தால், வழிச் செலவு பத்துப் பேருக்குப் பங்காகும்.

பட்டினி கிடந்த அயர்லாந்தைப் பார்த்து ஓர் இளைஞர் மனம் வருந்தினார். அந்த வருத்தம் கலப்பையாயிற்று. மெல்க்ஷம் ஊரில் பிறந்த அந்த மனிதர் போய் வெகு காலம் ஆகிவிட்டது. சொந்த யந்திரம் இல்லாத குடியானவரின் வயலிலும் வாடகைக்கு வந்த யந்திரம் உழும் வரையில், அவர் தொடங்கிய வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.